பன்றிக்கும் திருடனுக்கும் ஒரே தோட்டாவா?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தோட்டம் வைத்து, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கும் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய குடும்பத் தலைவர் ஒருவர், ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர், திருப்பலி முடிந்தபின் அறைவீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். சற்றுநேரம் ஏல விலையைப் பற்றிப் பேசினார். பிறகு கேட்டார்: "சாமி, துப்பாக்கி லைசென்சு கிடைச்சிருச்சு. பன்றிக்கும் ஆகணும், ராத்திரி திருடன் வந்தா அதுக்கும் ஆகணும். ஒண்ணையே வாங்கிரலாமுன்னு பார்க்கிறேன். பாவம் ஒண்ணும் இல்லையே?"

நாம் உடனே விடை கூறவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற காலத்தில் ஐந்தாம் கட்டளையைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்தோம். எந்தத் தோட்டாவை வாங்குவது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. மேலும் துப்பாக்கி நமக்குரிய பொருளும் அன்று. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் வேட்டையாடுவதைத் தடைசெய்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, அஞ்சுவதற்குத் தக்க காரணம் இருந்தாலன்றிக் குருக்கள் ஆயுதம் தாங்கலாகாது என்றது. ஆயினும் கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. தோட்டத்து வீட்டில் மனைவியும் இரு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாழையும் மரவள்ளியும் பன்றிக்கு இரையாகின்றன.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற துப்பாக்கி கையிலிருப்பதாலேயே ஒருவர் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. கேரளத்தில் 2022ஆம் ஆண்டில், பயிரை அழிக்கும் பன்றிகளை உரிமதாரர்களைக் கொண்டு சுட அனுமதிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. தமிழகத்திலோ 2025 சனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட வனத்துறையினருக்கே அனுமதி தரப்பட்டது. ஆகவே நம் நண்பர் மலைக்கு மேலே சட்டத்திற்குட்பட்டு நிற்க முடியும். மலைக்குக் கீழே முடியாது.

இனிப் பன்றிக்கு வருவோம். விலங்கினங்களைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2418ஆம் எண்ணில் கற்பிக்கிறது. பயிரைக் காப்பது தேவை. அப்படியானால் துன்பம் எவ்வளவு என்பதே எஞ்சும் கேள்வி, அதற்கான விடை கடைக்காரரின் மேசைமேலேயே பாதி முடிவாகிவிடுகிறது. பன்னிரண்டு போர் துப்பாக்கி என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டைகள் வார்த்தால் அவற்றில் ஒன்று நுழையும் அளவுள்ள குழல் என்பதே அதன் பொருள். அந்த ஒரே குழலில், காடைக்கென்று நூற்றுக்கணக்கான பொடி ரவைகள் அடைத்த தோட்டாவையும் போடலாம், எல்.ஜி. என்னும் பெருங்குண்டுகள் சிலவே அடங்கிய தோட்டாவையும் போடலாம். விலை மலிவு என்றோ, கையிலிருந்தது அதுதான் என்றோ பொடி ரவையால் பன்றியைச் சுடுகிறவர் அதைக் கொல்வதில்லை. தோலுக்கடியில் ஈயத்தை விதைத்து அனுப்புகிறார். அது உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து புண் அழுகிச் சாகும். ரைபிளிலும் இதே கதைதான். செம்பு உறை முழுதும் மூடிய தோட்டா உடலைத் துளைத்து மறுபுறம் சென்றுவிடக்கூடும்; விலங்கு ஓடிவிடும். முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைத் தோட்டா உடலுக்குள் விரிந்து அப்போதே வீழ்த்தும். எனவே, கேட்பதற்குக் கொடுமையாக இருப்பினும், கொல்வதென்று துணிந்தபின் உறுதியாகக் கொல்லும் தோட்டாவைத் தேர்வதே விலங்குக்குக் காட்டும் இரக்கம்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சம்பாவத்துப் பெண்புலியே சாட்சி. குமாவோனிலும் நேபாளத்திலும் அது கொன்றவர்கள் 436 பேர் என்று ஜிம் கார்பெட் பதிவு செய்துள்ளார். 1907இல் அதைச் சுட்டு வீழ்த்தியபின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. அது முன்பு பட்டதொரு துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமையாலேயே அது மனிதரை நாடியது என்பது அவர் முடிவு. யாரோ ஒருவர் எப்போதோ சுட்டுவிட்டு, தொடர்ந்து சென்று முடிக்காமல் வீடு திரும்பியிருக்கிறார். அந்த மனிதருக்கு அன்றிரவு நல்ல உறக்கம் வந்திருக்கும். நம் பக்கத்து அவுட்டுக்காய் இதைவிடக் கீழானது. பழத்துக்குள் வெடிமருந்தை வைத்துவிட்டு, எந்த வாய் கடிக்கும் என்பதைக்கூடப் பார்க்காமல் போய்விடுவது. 2020 மே மாதத்தில் பாலக்காட்டுப் பகுதியில் வாய் சிதைந்து ஆற்று நீரில் நின்றபடியே இறந்த கருவுற்ற யானையை நாம் மறந்திருக்கமாட்டோம்.

இதுவரை எளிது. ஆனால் இந்த மென்முனைத் தோட்டாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் நாட்டிலேயே நடந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், 1890களில், பெர்ட்டி கிளே என்னும் ஆங்கிலேயத் தளபதி உறையின் முனையைத் திறந்துவிட்ட தோட்டா ஒன்றை உருவாக்கினார். உலகம் அதை ‘டம்டம் தோட்டா’ என்றே அழைத்தது. 1899ஆம் ஆண்டு ஹேகு நகரில் கூடிய அமைதி மாநாடு, உடலுக்குள் விரியும் தோட்டாக்களைப் போரில் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. வேட்டையில் இரக்கமென நாம் கண்ட அதே பொருளை மனிதருக்கு எதிரே கொடுமையென உலகம் கண்டது. காரணம் தெளிவு. போர்வீரனைத் தடுத்து நிறுத்தினால் போதும். அவன் காயம் ஆறி ஊர் திரும்ப வேண்டியவன். விலங்குக்கு மருத்துவமனை இல்லை.

அந்த மாநாட்டில் ஆங்கிலேயப் பிரதிநிதி ஆர்டா எழுப்பிய தடையைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நாகரிக நாட்டுப் போர்வீரன் காயம் பட்டதும் நின்றுவிடுவான், ஆனால் எல்லைப்புறத்துக் காட்டுமிராண்டி காயத்தோடும் பாய்ந்து வருவான், ஆகையால் அவனுக்கு இத்தோட்டா வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். பிரித்தானியா 1907இல்தான் அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டது. எதிரே நிற்பவனுக்கு எந்தத் தோட்டா என்று தீர்மானித்தபோதே, அவன் மனிதனா விலங்கா என்பதையும் தீர்மானித்துவிட்டார்கள். குறிபார்த்தது அதன் பின்னரே.

நம் திண்ணையில் அமர்ந்தவர் அறியாமல் கேட்டதும் இதையே. தூய தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில், தற்காப்புச் செயலுக்கு இரு விளைவுகள் உண்டென்கிறார்: தன் உயிரைக் காத்தல் ஒன்று, தாக்குபவனின் இறப்பு மற்றொன்று. முன்னது நோக்கமாக இருக்கலாம். பின்னது தனிமனிதனின் நோக்கமாக இருத்தல் ஆகாது. தேவைக்கு மிஞ்சிய வன்முறையும் ஆகாது. பன்றியைச் சுடும்போது இறப்பே நம் நோக்கம். அது நிறைவேறாவிட்டால்தான் குற்றம். திருடனைச் சுடும்போது இறப்பு நோக்கமாகிவிட்டாலே குற்றம். இந்த இரண்டு மனங்களும் ஒரே குழலில், ஒரே தோட்டாவில் எப்படிக் குடியிருக்கும்? இரவில் பன்றிக்கென நிரப்பி வைத்த துப்பாக்கி, கதவு தட்டப்படும்போது பன்றியின் துப்பாக்கியாகத்தானே கையில் ஏறும்?

இதற்கு மறுப்பு இல்லாமலில்லை. பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகலாம் என்று அதே மறைக்கல்விதான் கூறுகிறது; இரு பெண்பிள்ளைகளின் தந்தையிடம் அதை மறைப்பது நேர்மையன்று. பல நாடுகளின் காவல்துறையினர் விரியும் தோட்டாவையே வைத்திருக்கின்றனர். துளைத்துச் செல்லும் தோட்டா பின்னால் நிற்கும் குற்றமற்றவரைக் கொல்லக்கூடும் என்பது அவர்கள் கூறும் காரணம். மெல்லிய தடுப்புக்கு அப்பால் குழந்தைகள் உறங்கும் தோட்டத்து வீட்டில் இது வெறும் வாதமன்று. எனவே திருடனுக்கு இன்ன தோட்டா என்று நம்மால் எழுதித் தர இயலவில்லை. எந்தத் தோட்டாவும் அந்தக் கேள்வியைத் தீர்த்துவைப்பதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டு இறந்தால் அடித்தவர்மேல் இரத்தப்பழி இல்லை. கதிரவன் எழுந்தபின் நிகழ்ந்தால் பழி உண்டு. பல ஆண்டுகள் இதை நாம் வெறும் நேரக் கணக்காகவே வாசித்து வந்தோம். இப்போது வேறொன்று தெரிகிறது. இருளில் வந்தவன் கொல்ல வந்தானா, பசித்து வந்தானா, வழிதவறிய வேலையாளா என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. வெளிச்சத்தில் தெரியும். தெரிந்தபின் அடிப்பதுதான் பழி.

இதை நண்பரிடம் சொன்னோம். "அப்ப ரெண்டு துப்பாக்கி வாங்கணுமா சாமி?" என்றார். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் சட்டம் ஒருவருக்கு இரண்டுவரை அனுமதிக்கத்தான் செய்கிறது என்றோம். ஆனால் முதலில் முற்றத்திற்கு நல்ல விளக்குகள் வாங்கும்படியும், பன்றித் துப்பாக்கியையும் அதன் தோட்டாக்களையும் தனித்தனியே பூட்டி வைக்கும்படியும் கேட்டுக்கொண்டோம். அவர் முழுமனத்தோடு தலையசைக்கவில்லை. "தோட்டத்து ராத்திரி உங்களுக்குத் தெரியாது சாமி" என்றார். உண்மைதான், நமக்குத் தெரியாது.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். ஒரே துப்பாக்கிதான் வாங்கியிருக்கிறார். முற்றத்தில் இரண்டு விளக்குகள் எரிகின்றனவாம். தோட்டாப் பெட்டியின் சாவி மனைவியிடம் இருக்கிறதாம். அது ஏன் என்று கேட்டோம். "தூக்கக் கலக்கத்துல எனக்குக் கோபம் முந்திரும் சாமி, அவளுக்கு வராது" என்றார்.