அறநடையும் ஔடத தானமும்

உணவு, மருந்து, கல்வி, அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் நம் ஆன்றோர். இவற்றுள் ஔடத தானம் என்றதும், நோயுற்று வாடும் எளியோர்க்கு மருந்தளித்தலே நம் நினைவுக்கு வரும். அவ்வெளியோர்க்கு நிதி திரட்டும் பொருட்டு நூற்றுக்கணக்கானோர் கூடி நெடுந்தொலைவு நடக்கும் அறநடைகள் இந்நாளில் பெருகியுள்ளன. அங்ஙனம் நடப்போர்க்கே மருத்துவத் துணை வேண்டியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அறநடை ஒன்றிற்கான ஆயத்தக் கூட்டத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, மருத்துவ ஏற்பாட்டுக்குத் தொகை ஒதுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அன்பர் ஒருவர் எழுந்து, “ஏழைகளின் கண் சிகிச்சைக்கெனப் பெறும் பணத்தை, நடக்க வலிமையுள்ளவர்களுக்குச் செலவிடுவது தருமமாகுமா?” என வினவினார். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒன்றுக்கெனக் கொடுத்ததை, கொடுத்தவர் அறியாமல் மற்றொன்றுக்குச் செலவிடுதல் கள்ளாமை விரதத்திற்கு இழுக்காகும்.

ஆயினும், விரதங்களின் வரிசையை நோக்குவோம். கள்ளாமைக்கு முன் நிற்பது கொல்லாமை. அது வேண்டுமென்றே வருத்தாதிருத்தல் மட்டுமன்று. பிரமாதத்தால், அதாவது கவனக்குறைவால், ஓருயிர்க்கு விளையும் ஊறும் இம்சையே என்பது நம் ஆகமக் கொள்கை. முனிவர் பெருமக்கள் ஈர்யா சமிதியைக் கைக்கொண்டு, நிலம் நோக்கி, சிற்றுயிர்க்கும் தீங்கு நேராவண்ணம் நடக்கின்றனர். அவர்கள் வழிநிற்கும் நாம், காலடியில் ஊரும் எறும்புக்கு ஒதுங்கிவிட்டு, அருகில் நடப்பவரின் தள்ளாட்டத்தைக் காணாது போகலாமா? வாருங்கள் என அழைத்தவர் நாமாயின், வந்தவர் உயிர்க்குப் பொறுப்பும் நமதே.

இதனை நாம் பட்டே அறிந்தோம். 1977 நவம்பரில் ஆந்திரக் கடற்கரையைப் பெரும்புயல் அழித்தபோது, நிவாரண நிதி திரட்ட மாணவியரை அழைத்துக்கொண்டு ஊர்வலம் சென்றோம். அன்று உபவாசம் இருந்த சிறுமி ஒருத்தி அதனைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நண்பகலில் மயங்கி விழுந்தாள். நெற்றி கல்லில் மோதிக் குருதி பெருகியது. கட்டத் துணியில்லை, முதலுதவி அறிந்தவர் எவருமில்லை. நம் கையில் இருந்தது உண்டியல் ஒன்றே. தேநீர்க்கடைக்காரர் ஒருவர் தம் தோள்துண்டைக் கிழித்துக் கட்டினார். சிறுமி பிழைத்தாள். இன்று பேரக்குழந்தைகளைக் கண்டுவிட்ட அவள், நம்மைக் காணுந்தோறும் சிரித்த முகத்துடன் வணங்குகிறாள். நம் பார்வையோ அவள் நெற்றித் தழும்புக்கே செல்கிறது.

2024 அக்டோபர் 6 அன்று, சென்னை மெரினாவில் வான்படைச் சாகசம் காணக் கடும் வெயிலில் திரண்டோருள் ஐவர் உயிரிழந்தனர். கூட்டம் பெரிதாயின் கவனமும் பெரிதாக வேண்டும்.

ஆகவே, அறநடை நடத்துவோர் பெயரைப் பதியும்போதே இதயநோய், நீரிழிவு, உட்கொள்ளும் மருந்து, அன்றைய உபவாசம், உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டறிதல் வேண்டும். உபவாசம் இருப்போர்க்கு நிழலில் அமர்ந்து செய்யும் தொண்டினை அளிக்கலாம். வழிநெடுக, குறித்த தொலைவுக்கு ஒன்றாக நிழற்பந்தலும் காய்ச்சி ஆறிய நீரும் முதலுதவி பயின்றவரும் இருத்தல் நன்று. உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, சேர்த்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உடனே 108க்கு அழைத்தல் வேண்டும். மூச்சும் நினைவும் அற்று விழுந்தவர்க்கு, ஊர்தி வரும்வரை மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தப் பயின்றவர் வேண்டும். பந்தல்களுக்கு எண்ணிட்டால் இடத்தைச் சொல்லுதல் எளிது. ஊர்தி நுழைய வழிவிட்டு நடத்தலும் இன்றியமையாதது. புறப்படும்போது எண்ணியவாறே முடிவிலும் தலைகளை எண்ணுதல் வேண்டும். சுற்றுலா சென்ற ஆசிரியர் எவரும் இதனை அறிவர்.

மருத்துவர் நிற்கச் சொன்னால் நிற்பதே முறை. பாதியில் நின்றவர் புண்ணியம் குறைந்தவர் என எவரும் எண்ணற்க. “எல்லாரினும் முன்னே முடித்தேன்” என்னும் மானகஷாயமே அங்கு நாம் வெல்லவேண்டிய பகை.

அன்பரின் வினாவுக்கு விடை இதுவே: மருத்துவச் செலவை முன்கூட்டியே அறிவித்து, அதற்கெனத் தனிநிதி பெற்று, தனிக்கணக்கு எழுதுக. அங்ஙனமே அக்கூட்டத்திலும் முடிவாயிற்று. அவர் கேட்டிராவிடில் அக்கணக்குத் தோன்றியிராது. அவர்க்கு நாம் கடப்பாடுடையோம். எவர்க்கோ கண்ணொளி தருவதற்காக நடக்கும் நாம், உடன் நடப்பவர் முகத்தையும் சற்றே நோக்கி நடப்போமாக!