அரங்கும் அவையும்: மாணவர் நாடகப் பதிவுகளை இணையத்தில் வெளியிடுதலின் அறம்

நாடகம் அவையை நோக்கி நிகழும் கலையாகும். சிலப்பதிகாரம் கூத்தினை வேத்தியல், பொதுவியல் எனப் பகுக்குங்கால் காண்போரே அப்பகுப்பிற்கு அடிப்படையாகின்றனர். உரிமையாளரின் இசைவு பெற்று மாணவர் நடித்த நாடகத்தைப் பதிவு செய்து இணையத்தில் வெளியிடலாமா என்னும் வினாவும் அவையைப் பற்றியதே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு படைப்பைப் பொதுவில் நிகழ்த்தும் உரிமையையும் அதனைத் திரைப்பதிவாக்கும் உரிமையையும் தனித்தனியே சுட்டுகிறது. எனவே மேடைக்குப் பெற்ற இசைவு பதிவிற்கும் பெற்ற இசைவாகாது. ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத் தொடர்புடையோர் ஆகியோர் மட்டுமே அடங்கிய அவையின்முன் மாணவர் நிகழ்த்தும் நாடகத்தை 52ஆம் பிரிவு உரிமை மீறலினின்று விலக்குகிறது. சிவராம காரந்தரின் யட்சகான ஆக்கங்கள் தொடர்பான மணிப்பால் வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம் உரிமையாளரின் பதிப்புரிமையை ஏற்றது. எனினும் சட்டம் தந்துள்ள இத்தகைய விலக்குகளைத் தடையாணை பறித்தலாகாது எனவும் தெளிவுபடுத்தியது.

இவ்விலக்கின் உயிர் அவையின் எல்லையில் உள்ளது. அவ்வெல்லை எல்லா நிலத்திற்கும் ஒத்ததன்று. சிறிய அந்தமானின் துறைமுக ஊராகிய ஹட் பே, ஒன்றியப் பகுதியின் தலைநகரிலிருந்து கடல்வழியே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கு ஒரு பள்ளி நாடகம் அரங்கேறுவதாகக் கொள்வோம். வேறொரு தீவில் பணிபுரியும் பெற்றோரைச் சட்டம் அவைக்குள் சேர்க்கிறது, கடலோ விலக்குகிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடி இழை அவ்விலக்கத்தைக் குறைக்க வல்லது. அப்பெற்றோர்க்கு மட்டும் பதிவைக் காட்டுதல் அதே அவையை நீட்டித்தலாகும். யாவரும் காண யூடியூபில் இடுதல் வேறோர் அவையைப் படைத்தலாகும். முன்னதற்கும் உரிமையாளரின் இசைவு வேண்டும்; ஆயினும் அவர் மனமுவந்து அளிக்கக்கூடிய இசைவு அது. அரங்கேற்ற இசைவு கோரும் மடலிலேயே அதனையும் கேட்டுப் பெறுதல் முறையாகும்.

மாணவரின் இசைவும் ஈண்டு எண்ணத்தக்கது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர்க்கெனத் தனியுரிமை வழங்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை விரித்தது. பதினைந்து வயதில் உரையாடலை மறந்து தடுமாறிய மாணவியை அன்றைய அவை மறந்துவிடும். இணையப் பதிவு மறக்க விடாது. அவையோர் சிலர்முன் நிற்க இசைந்தவர் உலகத்தார்முன் நிற்க இசைந்தவராகார்.

1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தை நடித்து வெளியிடப் பதிப்புரிமை தடையன்று. அதன் ஆசிரியர் பெ.சுந்தரம் பிள்ளை 1897இல் மறைந்தமையின், இறப்பிற்குப் பின்னரான அறுபதாண்டுக் காப்பு என்றோ முடிந்தது. எனினும் அங்கும் நடித்த மாணவரையும் பெற்றோரையும் கேட்க வேண்டிய கடன் நீங்குவதில்லை. ஆதலின் இவ்வறம் உடைமையை மட்டும் காப்பதன்று; யார்முன் நிற்க ஒருவர் இசைந்தாரோ அவ்விசைவைக் காப்பது எனலாம்.