வலிக்கு விளக்கம் யார் சொல்வது?

மட்டாஞ்சேரியில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஜெபாலயத்துக்குப் பக்கத்திலேயே அரண்மனையும் பழயன்னூர் பகவதி கோயிலும் இருக்கின்றன. கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம், குஜராத்திகளின் ஜைனக் கோயில், கட்ச் மேமன்களின் பள்ளிவாசல், 1653-இல் கிறிஸ்தவர்களின் கூனன் குரிசுச் சத்தியம் நடந்த இடம் எல்லாம் நடந்து போகும் தூரம்தான். இவற்றுக்கு நடுவே பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக மனித முதுகுகளில் ஏறி இறங்கின. பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் தமிழ் வண்ணார்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லில் துணி அடித்து வருகிறார்கள்.

இப்படிப்பட்ட தொழிலில் வரும் இடுப்புவலி தனியாக வருவதில்லை. ‘எனக்கு ஏன் இது?’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

மருத்துவரிடம் இதற்கு நேரான பதில் கிடையாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. தேய்மானம் இருந்தும் வலிக்காதவர்கள் உண்டு. ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டும் வலியால் துடிப்பவர்கள் உண்டு. மூன்று மாதம் தாண்டிய வலியில் பயமும் தூக்கமின்மையும் கடனும் கலந்துவிடுகின்றன. அக்கம்பக்கத்தாரின் விளக்கங்களும் அங்கேதான் நுழைகின்றன. போன ஜென்மத்துப் பாவம் என்பார் ஒருவர். படைத்தவன் வைக்கும் சோதனை என்பார் இன்னொருவர். சிலுவையாக நினைத்துச் சுமக்கச் சொல்வார் மற்றொருவர்.

இவற்றை வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் காத்யா வீக்கும் சகாக்களும் பக்தியுள்ள கத்தோலிக்கர் 12 பேருக்கும் நம்பிக்கையற்றவர் 12 பேருக்கும் கையில் வலிக்கும்படி மின்னதிர்வு கொடுத்துப் பார்த்தார்கள். கண்முன்னே ஒருமுறை கன்னி மரியாளின் ஓவியம். மறுமுறை லியோனார்டோ டாவின்சி வரைந்த, சிறு பிராணியை ஏந்திய பெண். மரியாளைப் பார்த்தபோது கத்தோலிக்கர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு எந்தப் படமும் ஒன்றுதான். நிகழ்வதற்கு வேறு பொருள் கொள்ள உதவும் மூளைப்பகுதி பக்தர்களிடம் கூடுதலாக இயங்கியது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நோயுற்ற முதியவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து கென்னத் பர்கமென்ட் குழு 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், அவருக்குத் தன்மேல் அன்பில்லை என்று எண்ணியவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. நோயாளி தானே கண்டடையும் அர்த்தம் அவருக்கு ஊன்றுகோலாகலாம். அதே வார்த்தை திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து வந்தால் தீர்ப்பாகிவிடுகிறது.

மதங்களுக்குள்ளேயே இதை உணர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். யூதர்களின் தல்முதில் ஒரு கதை வருகிறது. நோயில் கிடக்கும் ஹிய்யாவிடம், இந்தத் துன்பம் உமக்கு உகந்ததா என்று ரப்பி யோகனான் கேட்கிறார். துன்பமும் வேண்டாம், அதற்கான வெகுமதியும் வேண்டாம் என்கிறார் ஹிய்யா. யோகனான் உபதேசம் எதுவும் செய்யவில்லை, கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். பிறகு யோகனானே நோயில் விழும்போது அவரை எழுப்ப இன்னொருவர் வரவேண்டியிருக்கிறது. ஆயுள் முன்பே நிர்ணயமானது என்றால் மருந்துக்கு என்ன வேலை என்று வாதிடுகிறது ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. வலிநிவாரணம் தேடுவது கிறிஸ்தவனுக்குத் தடையல்ல என்று 1957-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்களிடமே சொன்னார்.

கர்மாவைப் பேசும்போது மூட்டையின் எடை மறந்துபோகிறது. மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ‘சாப்பா’ முறை இருந்தது. கூட்டத்துக்குள் எறியப்படும் வில்லையைப் பாய்ந்து பிடித்தவனுக்கே அன்று வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஓர் ஆள் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. கேரளத்தில் ‘சுமட்டுத் தொழிலாளர் சட்டம், 1978’ வந்தது. இவை எந்த ஜென்மக் கணக்கிலும் எழுதப்பட்டவை அல்ல.

வலியை உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்த ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று லண்டனில் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1960-களில் சொன்னதை, கேரளம் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தோழர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. மார்ஃபினோடு அரிசியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் பேச்சுத்துணையும் வீடு தேடிப் போயின. 2008-இல் இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாகக் கேரளம் இந்த நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை அறிவித்தது.

ஆனால் புற்றுநோயாளிகளிடமிருந்து தொடங்கிய இந்த வலைப்பின்னல், படுக்கையில் விழுந்தவர்களையே முதலில் தேடிப் போகிறது. பத்து வருட இடுப்புவலியோடு காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர் மருந்துக்கடைக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் தானேதான் நடந்தாக வேண்டும். வலியைப் பற்றி அவரை உட்காரவைத்துக் கேட்க எந்த நர்ஸும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.