சரிவில் நடக்கும் பிள்ளை

சமதரையில் நடக்கும்போது நாம் நடப்பதையே உணர்வதில்லை. சரிவில் கால் வைத்ததும் உடல் தன் கணக்கைப் போடத் தொடங்குகிறது. ஏறுகையில் உடல் முன்சாய்கிறது. இடுப்பும் முழங்காலும் கூடுதலாக மடங்குகின்றன. இறங்குகையிலோ தொடைத் தசைகள் எடையைப் பிடித்துப் பிடித்து விடுகின்றன. இவற்றையெல்லாம் மூளை நம்மைக் கேளாமலே செய்துவிடுகிறது. பெருமூளை வாதம் கண்ட பிள்ளைக்கு இந்தச் சலுகை இல்லை.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த ஊறே இந்நிலைக்குக் காரணம். அந்த ஊறு பெருகுவதில்லை. ஆயினும் பிள்ளை வளர வளர, தசை இறுக்கத்தின் விளைவுகள் மாறிக்கொண்டே இருக்கும். 1861-இல் இலண்டனில் இதனைப் பிரசவ கால இன்னல்களோடு தொடர்புபடுத்தி விளக்கியவர் வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர். அவரே இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் பாதம் கோணியவர் என்பது சிந்திக்கத்தக்கது.

கெண்டைக்கால் தசை இறுகிய பிள்ளையின் குதிகால் தரையைத் தொடத் தயங்கும். ஏற்றமோ அக்குதிகாலை இன்னும் தாழ்த்தச் சொல்கிறது, தசை இடங்கொடுப்பதில்லை. எனவே பிள்ளை நம்மினும் அதிகமாக முன்சாய்ந்து ஏறுகிறது. அதே தொலைவுக்கு நம்மைவிட மிகுதியான ஆற்றலையும் செலவிடுகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெருமூளை வாதத்தைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. கட்டடங்களில் சாய்தளம் அமைப்போர் ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவைக் கொள்கின்றனர். நல்லதே. ஆனால் அது சக்கர நாற்காலியை மனத்திற்கொண்ட அளவு. தட்டுத்தடுமாறி நடக்கும் பிள்ளைக்குச் சாய்தளமே சோதனையாகலாம். படி பாதத்திற்குச் சமதளத்தையேனும் தருகிறது. 1997-இல் கனடாவில் இப்பிள்ளைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாக வகுத்தபோது, இரண்டாம் நிலைக்கு உரிய அடையாளங்களாகச் சரிவிலும் மேடுபள்ளத்திலும் இடர்ப்படுவதையும், கைப்பிடியைப் பற்றியே படியேறுவதையும் குறித்தனர். சாய்தளம் கட்டியதோடு கடன் தீர்ந்தது என எண்ணுவோர் பலர். அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி எனப் புனித தோமா அக்குவினா கற்பித்தார். இப்பிள்ளைக்கு உரியது எது? பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி, இடையிடையே நின்று இளைப்பாறச் சமதளம், இவற்றோடு காலம். சிமெண்டும் மணலும் எளிதில் தந்துவிடுகிறோம். காலத்தைத் தர மனம் வருவதில்லை.

ஆகவே தூக்கிவிடுகிறோம். இது அன்புதானே என்பர். அன்புதான். ஆயினும் பத்து அடிகளில் தானே முடிக்கவிருந்த ஒரு செயலைப் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்ட அன்பு அது. தூக்கவே கூடாது என்பதும் கொடுமையே. நடந்து நடந்து ஓய்ந்த பிள்ளையை 'இன்னும் நட' என்று வற்புறுத்துவதில் ஒழுக்கமும் இல்லை, மருத்துவமும் இல்லை. தூக்கலாமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? பேச இயலாத பிள்ளையும் கண்ணாலும் கையாலும் விடை சொல்லும். அதைக் கேட்கவும் காலம் வேண்டும்.

திருவிழாக் கூட்டத்தில், சரிவின் நடுவே ஒரு பிள்ளை நின்றுவிடுகிறது. பின்னால் வருவோர் முணுமுணுக்கிறார்கள். தாய் குனிந்து அதனைத் தூக்கிக்கொள்கிறார். பிள்ளையின் சோர்வைக் கண்டா அவர் தூக்கினார், நம் முணுமுணுப்பைக் கேட்டா?