பிறர் இல்லத்தில் நம் பிள்ளைகள்

மகனைக் கல்லூரிப் படிப்பிற்காகத் திருச்சிக்கு அனுப்பும் வாப்பாவின் நெஞ்சில் ஒரு கேள்வி கிடந்து உறுத்துவதுண்டு. அது கட்டணம் பற்றியதன்று, மதிப்பெண் பற்றியதுமன்று. கிறித்துவத் துறவியர் நடத்தும் கல்லூரியில், மாதா கோயில் மணியோசைக்கு நடுவே படிக்கப் போகும் பிள்ளையின் ஈமான் என்னாகும் என்பதே அக்கேள்வி. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது. பிள்ளை, வல்ல இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைக் குறித்து அஞ்சுதல் பெற்றோர்க்கு இயல்பே. ஆயினும் அச்சம் மட்டுமே நமக்கு வழிகாட்டியாகிவிடலாகாது. ஆதலின், ஒருவர் வாழ்ந்து காட்டிய நிகழ்ச்சியை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்வோம்.

இயேசு சபையாரால் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று, 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது தூய வளனார் கல்லூரி. மலைக்கோட்டைக்கு அண்மையில், லூர்து அன்னை ஆலயத்தைத் தன்னகத்தே கொண்ட அவ்வளாகத்திற்கு, 1950ஆம் ஆண்டில் இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். விடுதியில் அவருடைய அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருவர். ஒருவர், காவிரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார். மற்றவர், கேரளத்துச் சிரியன் கிறித்துவர். மூன்றாம் ஆண்டில், விடுதியின் சைவ உணவகத்திற்குச் செயலாளராக அமர்ந்தவர் முஸ்லிம் மாணவராகிய கலாமே! அப்பொழுது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி அதிபர் களத்தில் பாதிரியாரை அம்மூவரும் விருந்துக்கு அழைத்துத் தத்தம் வீட்டுப் பக்குவங்களைப் படைத்து மகிழ்ந்தனர். இச்செய்திகளைத் தம் வாழ்க்கை வரலாறான 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே பதிவு செய்துள்ளார்.

அந்நூலில் நம் சிந்தனையைக் கவரும் இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கில ஆசிரியரும் விடுதிக் காப்பாளருமாகிய செக்குவேரா பாதிரியார், இரவுதோறும் கையில் பைபிளுடன் அறை அறையாகச் சென்று மாணவர்களின் நலம் விசாரிப்பார். தீபாவளி வந்தால், அவர் பணித்தபடி, எண்ணெய்க் குளியலுக்கென நல்லெண்ணெய் ஒவ்வோர் அறைக்கும் வந்து சேரும்.

கையில் பைபிள், அறைக்கு நல்லெண்ணெய். இவ்விரண்டையும் சேர்த்து நோக்க வேண்டும். அப்பெரியவர் தம் சமயத்தை மறைத்துக்கொள்ளவில்லை. அதைப் பிறர்மீது திணிக்கவுமில்லை. தம் கூரையின்கீழ்த் தங்கிய பிள்ளைக்குத் தேவையானது எது என்பதை, அப்பிள்ளையின் நெறியில் நின்று அறிந்திருந்தார். எல்லாச் சமயங்களும் ஒன்றே எனப் பொதுவாகப் பேசிவிடுதல் எளிது. தனக்கு உரியதல்லாத ஒரு பண்டிகைக்கு என்று எண்ணெய் வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது அத்துணை எளிதன்று. முன்னது பேச்சு, பின்னது பண்பு.

சட்டமும் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. கலாம் கல்லூரி புகுந்த அதே 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும், அவருடைய இசைவின்றி, மாணவர் சிறுவராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்யலாகாது என்கிறது. இது பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு. ஆயினும் சட்டம் வேலிதான்; பயிரன்று. நல்லெண்ணெய் வழங்குமாறு எந்தப் பிரிவும் கூறவில்லை. அது மனத்திலிருந்து வந்தது.

இனி, வீட்டார் இவ்வாறிருக்க, வந்து தங்கியவரின் கடமை யாது? நம் வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு. மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாது, ஏறத்தாழ கி.பி. 615இல் நபித்தோழர்கள் சிலர் அடைக்கலம் தேடிச் சென்றது கிறித்துவ மன்னர் நஜாஷியின் அபிசீனியாவுக்கன்றோ! அங்கே அரசவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் சூரா மர்யமின் தொடக்கத்தை ஓதினார்கள். மன்னர் கண்ணீர் உகுத்தார். மறுநாளோ, ஈஸா நபியைப் பற்றி இவர்கள் கொண்டுள்ள கருத்து யாது எனக் கேளுங்கள் என்று குறைஷித் தூதர் மன்னரிடம் மூட்டிவிட்டார். உயிரும் அடைக்கலமும் ஊசலாடிய வேளை அது. ஜஅஃபர் (ரலி) மழுப்பவில்லை. ஈஸா நபி இறைவனின் அடியார், அவனுடைய தூதர் என்று உள்ளதை உள்ளபடி உரைத்தார்கள். வீட்டாரின் மனத்தைப் புண்படுத்தவுமில்லை. வீட்டாருக்காகத் தம் கொள்கையை மாற்றிக் கூறவுமில்லை. அந்த நேர்மையையே மன்னர் மதித்தார்.

கல்லூரி மாணவர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. கூட்டத்தில் பிறர் தம் முறைப்படி பிரார்த்திக்கையில் அமைதியாக நிற்பது மரியாதை. அவ்வழிபாட்டில் பங்குகொள்ளாதிருப்பது கொள்கை. இரண்டும் ஒருங்கே இயலும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் செல்ல ஆசிரியரிடம் நேரில் அனுமதி கேட்பது ஒரு வழி. தலைவலி என்று பொய் சொல்லி நழுவுவது இன்னொரு வழி. இருவரும் பள்ளிவாசலுக்குத்தான் போகின்றனர். ஆயினும் பொய் சொன்னவர், தம் தொழுகையைத் தாமே வெட்கத்திற்குரியதாக்கி விட்டார். மாதா கோயில் மணி எவருடைய ஈமானையும் பறிப்பதில்லை. நோன்பு வைத்திருப்பதை நண்பர்களிடம் கூறக் கூசும் மனமும், சஹருக்கு எழச் சோம்பும் உடலுமே அதனைப் பறிக்கின்றன. இக்குறைகள் வீட்டிலிருந்தே உடன் செல்பவை. கல்லூரியில் புதிதாய்ப் பிறப்பவையல்ல.

இதுவரை நம்மை விருந்தினராக வைத்தே பேசினோம். ஆனால் 1951இல் அதே திருச்சியில் ஹாஜி எம். ஜமால் முஹம்மது, ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய பெருமக்களின் முயற்சியால் ஜமால் முஹம்மது கல்லூரி உதயமாயிற்று. அதன் கதவுகள் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்திருக்கின்றன. தமிழகத்தில் நம்மவர் நிறுவிய பிற கல்லூரிகளிலும் மாற்றுச் சமயப் பிள்ளைகள் பயில்கின்றனர். விருந்தினராயிருந்த சமுதாயம் வீட்டாராகவும் ஆகிவிட்டது. ஆகவே வாப்பாவின் அக்கேள்வியை இப்பொழுது வேறொரு தந்தையும் நம்மை நோக்கிக் கேட்கிறார். ஸ்ரீரங்கத்து வீதியில் மகனுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டு அவர் கேட்கும் கேள்விக்கு நம் மறுமொழி என்ன?

ஏகாதசியன்று அப்பிள்ளை உபவாசம் இருப்பதை நாம் நடத்தும் விடுதி அறியுமா? அவனுக்கான உணவு, புலால் சமைத்த பாத்திரம் படாமல் வைக்கப்படுகிறதா? அந்த ஸ்ரீரங்கத்துக் கோயிலினுள்ளேயே துலுக்க நாச்சியார் எனப்படும் முஸ்லிம் அரசகுமாரிக்கு ஒரு சந்நிதி இருப்பதையும், அங்கே ரொட்டி படைக்கப்படுவதையும் நாம் அறிவோம். அக்கதை நம் மார்க்கத்திற்கு உடன்பாடன்று. எனினும், வந்தவருக்கு அவர் உண்ணும் உணவையே அளித்தல் வேண்டும் என்னும் கருத்தை அதிலும் காண்கிறோமன்றோ! அயலார் கற்பனையிலும் போற்றிய அப்பண்பை, விருந்தோம்பலை ஈமானோடு இணைத்துப் போதித்த நபி பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நடைமுறையில் மறக்கலாமா?

செக்குவேரா பாதிரியார் வழங்கிய எண்ணெயின் கடனை அவரிடமே திருப்பிச் செலுத்த இனி இயலாது. அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை. நம் வாசலுக்கு அடுத்து வரும் பிள்ளையிடமே அதனைச் செலுத்த வேண்டும். பிறர் இல்லத்தில் நம் பிள்ளை தலைநிமிர்ந்து தொழ வேண்டுமென்று விரும்பும் பெற்றோர், நம் இல்லத்தில் பிறர் பிள்ளை அச்சமின்றித் தன் நெறியில் நிற்கிறானா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். முன்னதைக் கேட்டுப் பின்னதை மறப்போமாயின், நாம் காக்க முனைவது ஈமானை அன்று, நம் பெருமையையே.

பிள்ளைகளை அனுப்பும்போதும், பிறர் பிள்ளைகளை வரவேற்கும்போதும், அமானிதத்தைப் பேணியோராக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.