ஆசிரியரின் வாய்ச்சொல்



கடலோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், புனித இராயப்பர், சின்னப்பர் திருநாளன்று முதலாம் வாசகத்தை வாசிக்கும்படி அறுபது வயதைக் கடந்த ஒருவரைக் கேட்டேன். கோயில் காரியம் எதுவானாலும் முன்னுக்கு நிற்பவர். கண்பார்வை குறைந்த தம் வயோதிபத் தாயாருக்கு, விறாந்தையில் இருந்து பத்திரிகையைத் தட்டுத்தடங்கல் இன்றி வாசித்துக் காட்டுவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆகவேதான் கேட்டேன். அவரோ கையெடுத்துக் கும்பிட்டார்.

"சுவாமி, சுருவம் தூக்கச் சொல்லுங்கோ, பந்தல் போடச் சொல்லுங்கோ, செய்யிறன். வாசிக்க மட்டும் என்னைக் கேளாதேங்கோ."

காரணம் கேட்டபோது சொன்னார். மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கையில், ஒரு சொல்லைத் தம் ஊரார் சொல்லுகிறபடியே சொல்லிவிட்டாராம். ஆசிரியர், "வாய்க்குள்ளை என்னடா, மீனே கிடக்குது?" என்று கேட்டாராம். வகுப்பு முழுவதும் சிரித்தது; ஆசிரியரும் சிரித்தார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை. அந்த ஆசிரியர் கெட்டவரும் அல்லர். கொப்பி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குத் தம் கைக்காசில் வாங்கிக் கொடுத்தவர் என்று இவரே சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட நாள்வரை இவருக்கு "மீன்வாயன்" என்பதே பெயராயிற்று. அதன் பின்னர் நாலு பேர் முன்னிலையில் இவர் ஒரு வரியும் வாசித்ததில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அன்பர்களே, அன்று நான் வாசிக்கக் கேட்டது யாருடைய திருநாள் என்பதைச் சற்றுச் சிந்தியுங்கள். இராயப்பரும் மீன்பிடித்தவர். அவருடைய பேச்சும் நகைப்புக்கு இடமானது. ஆண்டவர் பிடிபட்ட இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் நின்றவர்கள் அவரைக் கலிலேயன் என்று கண்டுகொண்டது எதனால்? அவர் வாயைத் திறந்தபோது வந்த ஊர்ப் பேச்சினால் என்று மத்தேயு எழுதுகிறார். எருசலேமின் காதுக்குக் கலிலேயரின் பேச்சு கொச்சையாகப் பட்டிருக்க வேண்டும். ஆயினும் தூய ஆவியானவர் இறங்கிய நாளிலே, அந்தக் கலிலேய வாயே முதன்முதலாக மக்கள் கூட்டத்துக்குப் பிரசங்கித்தது. கேட்டவர்கள் வியந்ததும் இதையே: பேசுகிறவர்கள் கலிலேயர் அல்லவா, நாமோ ஒவ்வொருவரும் நம் சொந்தப் பேச்சிலே கேட்கிறோமே என்று. எவருடைய நாவையும் வெட்கப்படுத்திவிட்டுத் திருச்சபை பிறக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டவர் இந்த மனிதர்களை அழைத்தபோது, வலை இழுக்கிற தொழிலை இழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் கையிலிருந்த தொழிலின் பெயரையே எடுத்து, இனி மனிதரைப் பிடிப்பவர்கள் ஆவீர்கள் என்றார். நம் வகுப்பறைகளிலே என்ன சொல்லப்படுகிறது? கணக்குப் பிழைத்தால், "நீ கடலுக்குப் போகத்தான் சரி." மலைநாட்டிலே, "கொழுந்து எடுக்கத்தான் சரி." கமக்காரன் பிள்ளைக்கு மாடு மேய்ப்பது. ஒரே வசனத்தில் இரண்டு பேர் அடிபடுகிறார்கள்: பிள்ளையும், விடியுமுன் எழுந்து அந்தத் தொழிலைச் செய்து அதே பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்த தகப்பனும் தாயும். அன்று மாலை வீடு திரும்பும் பிள்ளை தன் தகப்பனை எந்தக் கண்ணால் பார்க்கும் என்று அந்த ஆசிரியர் எண்ணிப் பார்த்ததுண்டா?

மலைப்பொழிவிலே நம் ஆண்டவர், சகோதரனை மூடன், முட்டாள் என்று சொல்லுவதைக் கொலையைப் பற்றிய கட்டளையின் கீழ் வைத்துப் பேசுகிறார். சிறுவயதில் இது எனக்கு மிகைபோலத் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. புனித யாகப்பர் தம் நிருபத்திலே, பலர் போதகராக விரும்ப வேண்டாம், எங்களுக்குக் கிடைக்கும் தீர்ப்பு கடுமையானது என்று எச்சரித்துவிட்டு, அடுத்தபடியாகத் தொடங்குவது நாவைப் பற்றிய பேச்சை. போதகத்தையும் நாவையும் அவர் அருகருகே வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

"சொன்னதைப் பிள்ளை மறந்துபோகும்" என்பார்கள். மறப்பது சொன்னவர்தாம். நானும் சில காலம் படிப்பித்தவன். ஒரு கலியாண வீட்டிலே, கையில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து வணங்கினாள். என்னிடம் படித்தவள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சுவாமி, நீங்கள் ஒருநாள் என்னைப் பார்த்து, உன்ரை அக்காவின்ரை மூளை உனக்கு வரேல்லை எண்டு சொன்னீங்கள்." எனக்கு அந்த நாளும் நினைவில்லை, அக்காவையும் நினைவில்லை. அவளோ நான் நின்ற இடத்தைக்கூடச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, பகிடிக்குத்தானே சுவாமி" என்றாள். பகிடியை யாரும் இத்தனை வருடம் காவித் திரிவதில்லை.

உலகத்து ஆராய்ச்சியாளரும் இதை வேறு வழியாகத் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் ரொசெந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பெயரை எழுந்தமானமாக எடுத்து, இவர்கள் இந்த ஆண்டில் நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஆண்டு முடிவிலே, விசேடமாக முதலாம், இரண்டாம் வகுப்புகளில், பெயர் குறிக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்ததாக 1968இல் நூலாக வெளியிட்டார்கள். அந்த முன்னேற்றம் எவ்வளவு என்பதைப் பற்றி அறிஞர்களிடையே பின்னர் பெரும் வாக்குவாதம் நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பிள்ளை தேறும், இது தேறாது என்ற எண்ணம் ஆசிரியரின் மனதோடு நிற்பதில்லை என்பதை வகுப்பிலே இருந்து படித்த எவரும் அறிவோம். குரலிலே வரும், கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரத்திலே வரும், கடைசி வாங்கைப் பார்க்கும் பார்வையிலே வரும்.

புகழ்ச்சியிலும் அவதானம் வேண்டும். 1998இல் மியூலர், டுவெக் என்ற இரு அறிஞர் வெளியிட்ட ஆய்வின்படி, "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்கள் வந்து தவறியதும் சோர்ந்துபோனார்கள். "நன்றாக முயற்சி செய்தாய்" என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். நம் நாட்டிலே ஆண்டு 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவுகள் வந்ததுமே பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு சாதியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. வெட்டுப்புள்ளியை வீதியெல்லாம் விசாரித்துத் திரிபவர்கள் பெற்றோராகிய நாங்களும் நீங்களுமே. "கண்ணை மட்டும் விட்டிட்டு மற்றதெல்லாத்தையும் உரியுங்கோ" என்று பிள்ளையைக் கொண்டுபோய் ஒப்படைத்ததும் எம்மவர்தாமே!

தோலை உரிப்பது இப்போது கூடாது. 2005இல் கல்வி அமைச்சு உடல் தண்டனையை விலக்கிச் சுற்றுநிருபம் அனுப்பியது. அதன் பின்னரும் பிரம்பு முழுவதாக ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் பிரம்பை ஒளித்துவைக்கலாம், பறித்து முறிக்கலாம். நாவை எந்த அதிகாரி வந்து பரிசோதிப்பார்?

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் எங்கள் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. அன்று முதியோர் அழுததை நான் கேட்டிருக்கிறேன். இன்றும் அந்தப் பாடசாலைகளிலே எங்கள் கத்தோலிக்க ஆசிரியர்கள் படிப்பிக்கிறார்கள். கட்டிடம் போயிற்று, காணி போயிற்று. ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் வாயை எந்தச் சட்டமும் எடுத்துக்கொள்ளவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, எந்த நிலையில் பிறந்தவர்க்கும், அவரவர் ஆற்றலுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற கல்விக்கு மறுக்கமுடியாத உரிமை உண்டு என்கிறது. பண்பாடு என்பது திருநாளுக்கு உடுக்கும் வேட்டி மாத்திரமா? தாயிடம் கற்ற பேச்சும் அதுதானே.

செந்தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் பரீட்சையும் இல்லை, உத்தியோகமும் இல்லை. "வீட்டிலை இப்பிடிச் சொல்லுவம், எழுதேக்கை இப்பிடி எழுதுவம்" என்று ஓர் ஆசிரியை சொல்லக் கேட்டேன். பிள்ளையின் வீடும் தப்பியது, எழுத்தும் திருந்தியது. "மொக்கு" என்பதற்குப் பதிலாக, "எந்த வரியிலை பிழைச்சதெண்டு பாப்பம், வா" என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? சாகக் கிடந்து இறந்துபோன பன்னிரண்டு வயதுச் சிறுமியை ஆண்டவர் எழுப்பியபோது, அவளுடைய வீட்டு மொழியிலேயே எழுப்பினார். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, அந்த அரமேய வார்த்தைகளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார். கேட்டவர்களின் காதைவிட்டு அவை போகவில்லைபோலும்.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெரியவர் அந்த வருடத் திருநாளில் வாசிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இராயப்பரைச் சிறையிலிருந்து தேவதூதர் வெளியே கொண்டுவந்த அந்த வாசகத்தை ஓர் இளைஞர் வாசித்தார். பூசை முடிந்து ஆட்கள் போனபின், அவர் சங்கீர்த்திப் பக்கம் வந்து, "சுவாமி, அந்த வாசகப் புத்தகத்தை ஒரு இரவுக்குத் தருவீங்களோ? அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட" என்று கேட்டார். கொடுத்தேன். மறுநாட் காலை கொண்டுவந்து தந்தபோது, அடுத்த வருடம் அந்தத் திருநாள் என்ன கிழமையில் வருகிறது என்று விசாரித்துக்கொண்டு போனார்.