நாத்தானும் தாவீதும் ஒருவரேயானால்?



பத்திரிகை நடத்துபவர் அரசியலுக்கு வரலாமா? காங்கேசன்துறைக்கு இக்கேள்வி புதியதன்று. 1947இல் அத்தொகுதி மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய செல்வநாயகம் அவர்கள் அதே ஆண்டில்தான் ‘சுதந்திரன்’ பத்திரிகையையும் தொடங்கினார். பின்னர் அது தமிழரசுக் கட்சியின் குரலாயிற்று. அதில் ஒளிவுமறைவு இல்லை. கட்சிப் பத்திரிகை என்று தெரிந்தே மக்கள் வாங்கினர். 1952இல் அதே மக்கள் அவரைத் தோற்கடிக்கவும் செய்தனர்!

நம் காலத்தில் அக்கேள்வி வேறு உருவில் வந்தது. 1985இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயன்’ நாளிதழின் அதிபர் ஈ. சரவணபவன் அவர்கள் 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினரானார், 2015இலும் தெரிவானார், 2020இல் தோற்றார். ‘உதயன்’ மக்கள் நாள்தோறும் செய்திக்காக வாங்கும் ஏடு. அதன் ஊழியர் இருவர் 2006 மே 2ஆம் நாள் அலுவலகத்துள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 2013 ஏப்ரலில் அதன் அச்சு இயந்திரம் எரிக்கப்பட்டது. இத்தனை அடி வாங்கிய பத்திரிகையின் அதிபர் மக்களிடம் வாக்குக் கேட்டால் தவறென்ன என்பீர்கள். தவறில்லை. அது குடிமகனின் உரிமை.

ஆனால், 1990இல் இடம்பெயர்ந்த காங்கேசன்துறைக் குடும்பம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். காணி விடுபடுமா என்று அது காலையில் பத்திரிகையை விரிக்கிறது. காணிக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர் பாராளுமன்ற உறுப்பினர். கொடுத்தாரா என்று சொல்ல வேண்டியது பத்திரிகை. இரண்டும் ஒரே கையில் இருந்தால்? அவர் எதையும் மறைத்தார் என்று நாம் கூறவில்லை. மறைக்கவில்லை என்பதை அந்த ஏட்டை மட்டும் வாசிப்பவன் எப்படி அறிவான்? அதுதான் சங்கடம்.

ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுத் தாவீது அரசர் சினந்தெழுந்தார். பிறகுதான் அது தம் கதையே என்று கண்டார். அதைச் சொல்ல நாத்தான் என்று வேறொருவர் இருந்தார். நாத்தானே அரியணையில் அமர்ந்திருந்தால், எத்துணை நல்லவராயினும், தமக்குத்தாமே அக்கதையைச் சொல்லியிருப்பாரா? கொலையுண்ட உரியாவுக்காகப் பேச யார் இருந்திருப்பார்?

இத்தோடு நிறுத்தினால் ஊராரைக் குறைசொல்லித் தப்பிக்கொண்டவனாவேன். மறைமாவட்டப் பத்திரிகையின் அதிபர் யார்? ஆயர். ஆசிரியர் யார்? அவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்த குரு. திருச்சபைக்குள்ளும் பொதுக்கருத்து வேண்டும், விசுவாசிகள் தம் எண்ணத்தைச் சொல்ல இடம் வேண்டும் என்று சமூகத் தொடர்பு பற்றி உரோமை 1971இல் வெளியிட்ட ஏடு கூறுகிறது. குருமடத்தில் அதைப் படித்தேன், பரீட்சையும் எழுதினேன்.

பங்குக் கணக்கு ஏன் வாசிக்கப்படவில்லை என்று கேட்டு வாசகர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம், பெயரும் ஒப்பமும் உண்டு. ஆயர் அதைத் தடுக்கவில்லை. அவர் அதைக் கண்டதுமில்லை. சக குரு ஒருவரின் மனம் நோகுமே என்று நானே எடுத்து வைத்தேன். இரண்டு மாதமாக அது என் மேசை லாச்சியில் கிடக்கிறது.